சிறுநீரகம் பழுதான நாய்க்குப் பத்தியமும் பராமரிப்பும்: முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் நாய்க்குச் சோறு என்றால் அதில் மீன் இருக்கும். காலையில் மீன்காரம்மா கூடையோடு வருவதை எங்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பது டைகர்தான். அம்மா கிணற்றடியில் அரிவாமனையைப் போட்டுச் சாளை அறுக்க உட்கார்ந்தால், தலைகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் விழும். பத்து வருஷம் இப்படியே போனது. அதனால்தான், "இனி மீன் தலை, முள், கருவாடு எதுவும் கூடாது" என்று மருத்துவர் சொன்னபோது, நோயைவிட அந்தப் பேச்சுதான் அம்மாவுக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. "வாயில்லா ஜீவன் மக்கா, ஒரு தலையாவது போடப்பிடாதா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இதையெல்லாம் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன், பதினாறு மாதம் செய்தும் பார்த்தேன். சிறுநீரக நோய்க்கு எதிரான போராட்டத்தில் பெரும்பகுதி நம் வீட்டு அடுக்களையில்தான் நடக்கிறது. மருந்து அதற்குத் துணை. குமரி மாவட்டத்து வீட்டில் இருந்துகொண்டு அதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தண்ணீர்ச் சட்டியைக் கவனியுங்கள்

முதல் அடையாளம் தாகம். டைகர் அதிகம் குடித்ததை மூன்று மாதம் நாங்கள் வெயில் என்று நினைத்தோம். மழை தொடங்கிய பிறகும் குடி குறையாதபோதுதான் உறைத்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளில் மூன்றில் இரண்டு பங்கு போனதும் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் போய்விடும். உடம்புத் தண்ணீர் அப்படியே வெளியேறுவதால் நாய் குடித்துக்கொண்டே இருக்கும். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ஏறுவதோ ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான். ஆக, சட்டியில் தெரிவது சீட்டில் தெரிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அளப்பது எளிது. இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மட்டும் சட்டியில் ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாட்டிலிலும் சட்டியிலும் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது மிகை. 12 கிலோ நாய் என்றால் ஒரு நாளைக்கு 1.2 லிட்டர். மூன்று நாள் தொடர்ந்து அளந்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்தத் துண்டுச் சீட்டு நீங்கள் வாயால் சொல்வதைவிட அதிகம் பேசும்.

கூடவே பார்க்க வேண்டியவை: தண்ணீர் மாதிரி நிறமில்லாத சிறுநீர், ராத்திரியில் வெளியே விடச் சொல்லிக் கதவைச் சுரண்டுவது, முதுகெலும்பு தட்டுப்படும்படி மெலிவது, காலையில் வெறும் வயிற்றில் நுரையாக வாந்தி, வாயில் ஒரு மாதிரி நாற்றம், வெளுத்த ஈறு.

ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேற்று வரை நன்றாக ஓடிய நாய் இன்று திடீரென்று படுத்து, வாந்தி எடுத்து, சிறுநீரே போகவில்லை என்றால் அது மெதுவாக வரும் நாள்பட்ட நோய் அல்ல. எலிக்காய்ச்சல், விஷம், சிறுநீர் அடைப்பு என எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, அந்த மணி நேரமே வண்டி எடுக்க வேண்டும். சரியான நேரத்தில் போனால் முழுதாகத் தேறும் வாய்ப்பும் உண்டு.

2. என்னென்ன பரிசோதனை

இரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா, பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், ஹீமோகுளோபின். சிறுநீரில் அடர்த்தி, புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். இரத்த அழுத்தம். முடிந்தால் வயிற்றுக்கு ஸ்கேன். எஸ்டிஎம்ஏ என்றொரு இரத்தப் பரிசோதனையும் உண்டு, கிரியாட்டினினைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஆனால் எல்லா இடத்திலும் செய்வதில்லை. பாஸ்பரஸைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பத்தியத்தின் அளவுகோலே அதுதான்.

இரத்தம் எடுக்கும் முன் எட்டு மணி நேரமாவது சாப்பாடு வேண்டாம். தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

சிறுநீர் பிடிப்பதுதான் பலருக்கும் மலைப்பு. நான் செய்தது இதுதான்: நீளக் காம்புள்ள ஸ்டீல் தவி (அகப்பை) ஒன்றை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, காலையில் முதல் தடவை வெளியே விடும்போது பின்னால் நின்று, அவன் கால் தூக்கிய இரண்டு விநாடி கழித்து நீட்டினேன். முதல் நாள் மிரண்டு ஓடினான். மூன்றாம் நாள் கண்டுகொள்ளவே இல்லை. சிரட்டைத் தவி வேண்டாம், அதில் ஊறியிருக்கும் எண்ணெயும் குழம்பும் கலந்துவிடும். பிடித்ததைச் சுத்தமான டப்பாவில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

நாகர்கோவிலில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மேல்சிகிச்சை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிதான் நமக்குப் பக்கம். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டம். நாய்க்கு டயாலிசிஸ் வரை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த வசதி உண்டு.

3. எந்த நிலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் ஐரிஸ் என்ற அமைப்பு வகுத்த நான்கு நிலைகளைப் பின்பற்றுகிறார்கள். நாய்க்கு கிரியாட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 1.4 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலும் வேறு கோளாறு தெரிந்தால் முதல் நிலை. 1.4 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, 5-க்கு மேல் நான்காம் நிலை. நாய்க்கு உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது எடுத்த கணக்கைக் கொண்டு நிலை சொல்லக் கூடாது. தண்ணீர் ஏற்றித் தேறிய பிறகு எடுத்ததுதான் சரியான எண். மெலிந்த நாய்க்குத் தசை குறைவு என்பதால் கிரியாட்டினினும் குறைத்துக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

டைகருக்கு 3.4. மூன்றாம் நிலை. பாஸ்பரஸ் 7.1 இருந்தது. மூன்றாம் நிலையில் அதை 5.0-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இரண்டாம் நிலைக்கு 4.6, நான்காம் நிலைக்கு 6.0 என்பது இலக்கு. இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அம்மாவின் மனசு மாறியது அதைப் பார்த்துத்தான்.

காரணம் என்ன என்றும் கேளுங்கள். வயது ஒரு காரணம். நம் மாவட்டத்தில் இன்னும் இரண்டு உண்டு. உண்ணி மூலம் வரும் எர்லிக்கியா காய்ச்சல் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுத்துப் புரதத்தை ஒழுகவிடும். அடுத்தது எலிக்காய்ச்சல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். வயலிலும் ஓடையிலும் குளத்தங்கரையிலும் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து கிடக்கும். அதில் இறங்கும் நாய்க்கு அது தொற்றும், நாயிடமிருந்து நமக்கும் வரும். இவை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கும் மருந்து கொடுக்காமல் பத்தியம் மட்டும் இருந்து பயனில்லை.

4. வீட்டில் எல்லாரையும் ஒரு பேச்சுக்குக் கொண்டுவாருங்கள்

இதை ஒரு படியாகவே வைக்கிறேன். ஏனென்றால் பெரும்பாலும் பத்தியம் உடைவது இங்கேதான். நீங்கள் அளந்து சோறு வைப்பீர்கள், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே கோழி எலும்பு போடுவார். சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் இரண்டு தடவை. "சுகமில்லை, வெளிச் சாப்பாடு கொடுத்தால் செத்துப்போகும்" என்று நான் நேராகவே சொன்னேன்.

கூடாதவை எவை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எலும்பும் முள்ளும் முழுக்கப் பாஸ்பரஸ். நெத்திலி, சாளை போன்றவற்றை முள்ளோடு தின்பதால் அவை இன்னும் மோசம். கருவாட்டில் அதோடு உப்பும். ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால், பால்கட்டி, பயறு வகைகள் எல்லாம் பாஸ்பரஸ் கூடியவை. பிஸ்கட், முறுக்கு, மிக்சர் வேண்டாம். மீன் புளிமுளம் ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம். உப்பு, மிளகாய், வெங்காயம் ஒருபுறம் இருக்க, புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்க வைத்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. திராட்சையில் இருக்கும் விஷமும் இதே அமிலம்தான் என்று இப்போது கருதப்படுகிறது. எனவே உலர்திராட்சையும் ஆபத்து. கல்யாண வீட்டுப் பாயசம் மிஞ்சினால் நாய்ச் சட்டியில் ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு, அதை நிறுத்துங்கள். ஆரோக்கியமான நாய்க்கும் இது பொருந்தும்.

நல்லது என்று நினைத்துக் கொடுப்பதும் இருக்கிறது. இளநீர், வாழைத்தண்டுச் சாறு, வாழைப்பழம் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். சில நாய்க்குப் பொட்டாசியம் குறைந்திருக்கும், சிலதுக்குக் கூடியிருக்கும். கடைசி நிலையில் இருந்தாலோ, சில வகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டாலோ கூடும் வாய்ப்பு அதிகம், மிகவும் கூடினால் இதயமே நிற்கலாம். இரத்தக் கணக்கைப் பார்க்காமல் ஒரு மிடறு கூட வேண்டாம். வாழைத்தண்டு கல்லுக்குத்தான் சொல்லப்படுவது, இது கல் அல்ல. கீழாநெல்லி, நெருஞ்சி போன்ற பச்சிலைகளையும் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள்.

மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதை அறவே விடுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் இருக்கும் கொஞ்சச் சிறுநீரகத்தையும் தின்றுவிடும். கால் நொண்டுகிறது என்று ஒரு கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை, நோய் தெரிவதற்கு முந்தைய மாதம் டைகருக்கு நானே இரண்டு நாள் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

5. தண்ணீரைத் தடுக்காதீர்கள்

வீட்டுக்குள் மூத்திரம் போகிறதே என்று ராத்திரி சட்டியை எடுத்துவைக்கும் வீடுகள் உண்டு. இந்த நோயில் அது கொலைக்குச் சமம். வெளியேறும் தண்ணீருக்கு ஈடாகக் குடித்தே ஆக வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் சட்டி வையுங்கள், காலையும் மாலையும் மாற்றுங்கள். கடலோரக் கிணறுகளில் உப்புத் தண்ணீர் ஊறும், குளச்சல், மணக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு அது தெரியும். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே நாய்க்கும் கொடுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை வெளியே விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குப் பழைய சாக்கு, அதன்மேல் துணி.

6. சாப்பாடு

எல்லாரும் முதலில் சொல்வது "புரதத்தைக் குறை, இறைச்சியை நிறுத்து" என்பது. பாதி உண்மைதான். முதலில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸை. சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் இரத்தத்தில் சேர்ந்து, எலும்பை அரித்து, மிச்சச் சிறுநீரகத்தையும் வேகமாக அழிக்கும். புரதத்தை அளவாக, ஆனால் தரமானதாகக் கொடுக்க வேண்டும். அடியோடு நிறுத்தினால் நாய் தன் தசையையே கரைத்துத் தின்னும், அப்போதும் யூரியா ஏறத்தான் செய்யும். வெறும் கஞ்சி ஊற்றி எலும்பும் தோலுமாகிப்போன நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரக நோய்க்கென்றே செய்த தீவனம் கிடைக்கிறது: ராயல் கேனின் ரீனல், ஹில்ஸ் கே/டி, ஃபார்மினா வெட் லைஃப் ரீனல். விலை கூடுதல்தான். ஆனால் ஆதாரம் இருக்கும் வழி இது. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சிறுநீரக நோய் இருந்த 38 நாய்களில் ஒரு பகுதிக்கு இத்தகைய உணவும் மீதிக்குச் சாதாரண உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண உணவு தின்றவை இடைநிலையாக 188 நாள் இருந்தன, சிறுநீரக உணவு தின்றவை 594 நாள். எந்த மாத்திரையும் இவ்வளவு கொடுக்காது. வாங்க முடியுமானால் வாங்குங்கள். முழுதாக முடியாவிட்டால் பாதிக்குப் பாதி என்றாவது மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எங்களுக்கு முழுதாக முடியவில்லை. ஒரு வேளை தீவனம், ஒரு வேளை வீட்டுச் சமையல் என்று ஓடியது. வீட்டுச் சமையலின் கணக்கு இதுதான்.

அரிசி வெள்ளை அரிசியாக இருக்கட்டும். நாம் சாப்பிடும் சிவப்புச் சம்பாவில் தவிடு ஒட்டியிருப்பதால் பாஸ்பரஸ் கூடுதல். நமக்கு நல்லது, இந்த நோயாளிக்கு அல்ல. மரச்சீனிக் கிழங்கிலும் (மரவள்ளி) பாஸ்பரஸ் குறைவு. தோல் சீவி, திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்த பிறகு கொஞ்சம் சேர்க்கலாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ கொடுத்தால் விஷம்.

புரதத்துக்கு முட்டை வெள்ளைக்கருதான் ராஜா. ஒரு வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் புரதம் இருக்கும், பாஸ்பரஸ் 5 மில்லிகிராம் அளவுதான். அதே முட்டையின் மஞ்சள் கருவில் 65 மில்லிகிராமுக்கு மேல். வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதோடு கொஞ்சம் கோழிக்கறி, எலும்பில்லாமல். சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பாஸ்பரஸில் ஒரு பங்கு தண்ணீரோடு போகும். சூப் சத்து என்று நினைத்து அதைச் சோற்றில் ஊற்றிவிடாதீர்கள்.

கொழுப்பிலிருந்து வரும் தெம்புக்குப் பாஸ்பரஸ் சுமை இல்லை. தேங்காய் எண்ணெய் கொஞ்சம், சூரியகாந்தி எண்ணெய் கொஞ்சம். கணைய அழற்சி வந்த நாய்க்கு மட்டும் எண்ணெய் ஆகாது.

12 கிலோ டைகருக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கலோரி தேவைப்பட்டது. முழு நாளும் வீட்டுச் சமையல் என்றால் நான் வைத்த அளவு: வெந்த வெள்ளைச் சோறு 350 கிராம், வெந்த கோழி 60 கிராம், இரண்டு வெள்ளைக்கரு, இரண்டு வகை எண்ணெயும் சேர்த்து இரண்டு டீஸ்பூன், மஞ்சள் பூசணி இரண்டு துண்டு. உப்பு இல்லை. மூன்று வேளையாகப் பிரித்தேன்.

இதை மட்டும் மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது. இதில் கால்சியம், துத்தநாகம், செம்பு, வைட்டமின் டி, பி வைட்டமின்கள் எல்லாம் பற்றாக்குறை. 2012-ல் சிறுநீரக நோய்க்காக அச்சிலும் இணையத்திலும் வந்த வீட்டுச் சமையல் குறிப்புகள் 67-ஐ ஆராய்ந்து பார்த்தபோது ஒன்றுகூட எல்லாச் சத்தும் நிறைந்ததாக இல்லை. ஆகவே என் அளவையும் ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டி, கால்சியம் எவ்வளவு, வைட்டமின் எது என்று எழுதி வாங்குங்கள். கால்சியத்துக்காக எலும்புத்தூள் வாங்கிவிடாதீர்கள், அதில் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும்.

மீன் எண்ணெய் நல்லது. அதில் உள்ள ஒமேகா-3 சிறுநீரகத்துக்குள் அழற்சியைக் குறைக்கிறது. மீன் ஆகாது, மீன் எண்ணெய் ஆகும் என்றதும் அம்மாவுக்கு ஒரு நிம்மதி. மாத்திரையை ஊசியால் குத்திச் சோற்றின்மேல் பிழிவார், மணத்துக்கே டைகர் வாலாட்டுவான். மீன் ஈரல் எண்ணெய் மட்டும் வேண்டாம், வைட்டமின் ஏ, டி மிகையாகிவிடும். பெட்டியில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

7. மெதுவாக மாற்றுங்கள், சாப்பிட வையுங்கள்

பழைய சோற்றில் கால் பங்கு புதியது என்று தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். பிடிவாதக்கார நாய்க்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. குமட்டலும் வாந்தியும் இருக்கும்போது புதுச் சாப்பாட்டை நீட்டவே கூடாது. அந்தக் குமட்டலை அந்தச் சாப்பாட்டோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு பிறகு எப்போதும் தொடாது. முதலில் வாந்தி நிற்க ஊசி, பிறகு பத்தியம்.

சாப்பிடாத நாளில் நான் செய்தவை: சோற்றை வெதுவெதுப்பாக்குவது, நெற்றியைத் தடவிக்கொண்டே கையால் ஊட்டுவது, தட்டை ஒரு பலகைமேல் உயர்த்தி வைப்பது, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் புதிதாக வைப்பது. வாயில் ஊசிக்குழலால் வலுக்கட்டாயமாகத் திணிக்க வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயிற்று அமிலத்துக்கும், குமட்டலுக்கும், பசிக்கும் மருந்து இருக்கிறது. அதுவரை பத்தியத்தைத் தளர்த்தலாமா? என் எண்ணம், தளர்த்தலாம். தின்னாமல் கிடக்கும் சரியான சோற்றைவிடத் தின்னும் சுமாரான சோறு மேல். அதற்காக எலும்புக்கும் கருவாட்டுக்கும் போகாமல், கோழியைக் கொஞ்சம் கூட்டுங்கள், போதும்.

8. மருந்துகள்

சாப்பாட்டை மாற்றி நாலு வாரம் கழித்தும் பாஸ்பரஸ் இறங்கவில்லை என்றால் அதைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் மருந்து தருவார்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு, செவலமெர் என்று பல உண்டு. சோற்றோடு சேர்த்துக் கொடுத்தால்தான் வேலை செய்யும், தனியாகக் கொடுத்தால் வீண். சோறு தின்னாத வேளையில் இந்த மருந்தும் தேவையில்லை. நெஞ்செரிச்சலுக்கு நாம் குடிக்கும் திரவ மருந்துகள் பலவற்றில் மெக்னீசியம் கலந்திருக்கும், அதை இதற்குப் பதிலாக ஊற்றக் கூடாது.

சிறுநீரில் புரத விகிதம் 0.5-க்கு மேல் போனால் பெனாசெப்ரில், டெல்மிசார்டான் போன்றவை, இரத்த அழுத்தம் 160-க்கு மேல் நின்றால் அம்லோடிபின் என்று மருத்துவர் முடிவு செய்வார். இவற்றைத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் நாய்க்குத் திடீரென்று கண் தெரியாமல் போகலாம். சுவரில் முட்டினால் அன்றே ஓடுங்கள்.

9. தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றுவது

மூன்றாம் நிலையின் பின்பகுதியிலும் நான்காம் நிலையிலும் குடிக்கும் தண்ணீர் போதாமல் போகலாம். அப்போது வீட்டிலேயே தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொல்லித்தருவார்கள். எல்லா நாய்க்கும் தேவைப்படாது, இதயக் கோளாறு இருந்தால் ஆகவே ஆகாது. எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு தடவை அவர் முன்னிலையிலேயே செய்து பழகுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இப்படி. ரிங்கர் லாக்டேட் என்ற திரவ பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு வைப்பேன். குளிர்ச்சியாக ஏறினால் நாய் நெளியும். ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டி, குழாயில் உள்ள காற்றை ஓடவிட்டு மூடுவேன். அம்மா டைகரின் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு காதுக்குப் பின்னால் சொறிவார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அந்தக் கூடாரத்தின் அடிவாரத்தில் புது ஊசியை உடம்புக்கு இணையாக ஒரே தடவையில் செலுத்த வேண்டும். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலி. குழாயைத் திறந்தால் தோலுக்கடியில் ஒரு திமில் மாதிரி எழும்பும். ஓர் இடத்தில் 100 மில்லிக்கு மேல் ஏற்றாமல் இடம் மாற்றினேன். எடுத்த பிறகு இரண்டு சொட்டு கசிவது, அந்தத் திமில் ராத்திரிக்குள் முன்காலுக்கு இறங்குவது எல்லாம் சாதாரணம். மறுநாளும் வற்றாமல் நின்றாலோ, மூச்சு இரைத்தாலோ நிறுத்திவிட்டுக் கேளுங்கள். குளுக்கோஸ் பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. உபயோகித்த ஊசிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள்.

10. நோட்டும் தராசும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தின்ற அளவு, குடித்த தண்ணீர், வாந்தி, மாத்திரை. வாரத்துக்கு ஒரு தடவை எடை. வீட்டில் தராசு இல்லாததால் ஞாயிறுதோறும் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்கு அவனை நடத்திக்கொண்டு போவேன். மின்னணுத் தராசுத் தட்டில் தானே ஏறி உட்கார்ந்துகொள்வான். கடைக்கார அண்ணன் ஷீட்டுக்கு எழுதுகிற மாதிரியே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். 12.4, 12.3, 12.3, 11.8. ஒரே வாரத்தில் அரைக் கிலோ இறங்கிய அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வாயில் புண் வந்திருப்பதைக் கண்டுபிடித்தோம்.

இரத்தப் பரிசோதனை இரண்டாம் நிலையில் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை, மூன்றாம் நிலையில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடைசி நிலையில் மாதம்தோறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சீட்டையும் அந்த நோட்டிலேயே ஒட்டுங்கள்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி, முதலில் சில வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருஷம்தோறும். ரப்பர் தோட்டத்திலும் வயலிலும் சுற்றிவரும் நாய்க்கு உண்ணி மருந்தும் விடாமல். நாயின் மூத்திரத்தைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள், கையில் கீறல் இருந்தால் கட்டாயம்.

11. கடைசிக் கட்டம்

இந்த நோய்க்குத் தீர்வு கிடையாது, நாளை நீட்டலாம், அந்த நாட்களைச் சுகமாக்கலாம். மருந்துக்கும் வாந்தி நிற்காமல், இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாமல், எழுந்து போய் மூத்திரம் பெய்ய முடியாமல், கூப்பிட்டால் தலை தூக்காமல் ஆனால், இன்னும் பாட்டில் ஏற்றுவது அதற்காகவா, நமக்காகவா என்று மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வலியில்லாமல் தூங்கவைக்கும் ஊசி உண்டு. அதைக் கேட்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை.

அந்த நாள் முடிவான பிறகு பத்தியம் வேண்டாம். எங்களுக்கு அது கார்த்திகை மாதம், விடாமல் மழை. அன்றைக்கும் மீன்காரம்மா வந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் நாலு சாளை வாங்கி, உப்பும் மிளகும் இல்லாமல் அவித்து, முள்ளெடுத்து, விரலில் வைத்து நீட்டினார். டைகர் இரண்டு வாய் தின்றான்.

சொந்த நிலத்தில் புதைப்பதானால் கிணற்றுக்கும் ஓடைக்கும் நன்றாகத் தள்ளி, இடுப்பளவு ஆழமாவது தோண்டுங்கள். மழைக்காலத்தில் மண் இளகி இறங்கும், மேலே கல் அடுக்கிவையுங்கள்.